யானையை இறக்கும் முன்: இராணுவத் தலைமையகத்துக்கு ஒரு திறந்த மடல்

தில்லி இராணுவத் தலைமையகத்தில், ஆங்கிலேயர் கால மரபுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

படைப்பிரிவுகளின் பெயர்கள், சடங்குகள், சீருடை வழக்கங்கள், விடுதலைக்கு முந்தைய போர் விருதுகள் (போரிட்ட களத்தின் பெயரைப் பட்டாளம் தன் கொடியில் எழுதிக்கொள்ளும் உரிமை) எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்யப் போகிறீர்கள் என்று 2022 செப்டம்பரில் செய்தி வந்தது. அதே மாதம் 2-ஆம் தேதி கொச்சியில் கடற்படை தன் கொடியிலிருந்த புனித ஜார்ஜ் சிலுவையை விட்டுவிட்டு, சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணத்தை ஏற்றுக்கொண்டது. கொடிக்கு வந்தது தொப்பியில் குத்தும் சின்ன வில்லைக்கும் வரத்தானே செய்யும்? வந்த பிறகு புலம்புவதைவிட முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்டின் யானையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த வில்லை உங்களுக்குத் தெரியாததல்ல. கேடயம், குறுக்கிட்ட இரண்டு வாள், யானை. குன்னூர் பக்கத்தில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் வீடுகளில் பழைய பித்தளை வில்லைகளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பணிக்காலம் முழுக்க பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் யானையின் கண் மழுங்கி, தும்பிக்கையின் மடிப்புகள் வழவழப்பாகிவிட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் யாரும் தேய்க்காத பின்பக்கத்தில் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

அந்த யானை எங்கிருந்து வந்தது என்பதுதான் சிக்கல். 1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கைல்னா, ஜுவா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே அஸ்ஸாயே என்ற சிற்றூர். ஒரு பக்கம் சிந்தியா, பேரார் போன்ஸ்லே என்ற இரு மராட்டிய அரசர்கள் நிறுத்திய படை. மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆர்தர் வெல்லெஸ்லி. ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே ஊர்கள் இருந்தால் நடுவில் கடவு இருந்தே தீரும் என்று கணக்குப் போட்டுப் படையை இறக்கினார், கணக்கு பலித்தது. கம்பெனிப் பக்கத்தில் மாண்டவரும் காயப்பட்டவருமாக 1,500 பேருக்கு மேல். அதில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் நிறைய. அங்கே போரிட்ட சென்னைப் பட்டாளங்களுக்கும் ஸ்காட்லாந்துப் பட்டாளங்களுக்கும் கம்பெனி கொடுத்த மரியாதைதான் யானைச் சின்னம். வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கும் நீலகிரி ஊருக்கும் அவர் பெயர்தான். மதராசிகளை அந்த மனிதர் சுலபத்தில் விடமாட்டார் போலிருக்கிறது.

இந்தியரை இந்தியரே கொன்ற வெற்றிக்காக வெள்ளைக்கார வணிகக் கம்பெனி கொடுத்த பரிசு, அதை இன்னும் தலையில் சுமப்பதா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இராணுவமே அதற்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. நாட்டை அடிமைப்படுத்திய போர்களின் விருதுகள் ஏற்கத்தகாதவை என்று விடுதலைக்குப் பின் முடிவாயிற்று. அந்தப் பட்டியலில் அஸ்ஸாயேயும் உண்டு. ஆக, கொடியிலிருந்து ஊரின் பெயர் போயிற்று, வில்லையில் யானை நின்றது. இதை முரண்பாடு என்று சொல்லிச் சரிசெய்ய யாருக்காவது கை துறுதுறுக்கும். எனக்கு அந்த முடிவில் முரண்பாடு தெரியவில்லை, பக்குவம்தான் தெரிகிறது. வெற்றியைக் கொண்டாட மாட்டோம், ஆனால் அங்கே செத்தவன் எங்கள் ஆள் என்பதை மறுக்கவும் மாட்டோம் என்ற நிலை அது.

சின்னத்தைக் கொடுத்தவன் கம்பெனிக்காரன். சுமந்தவன் யார், எந்த மலைக்கெல்லாம் சுமந்து போனான் என்பதையும் கணக்கில் எடுங்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார். ‘வீர இனம்’ என்ற அந்தக் கோட்பாட்டின் பேரில் சென்னைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. 1930களில் காலாட்படையில் மெட்ராஸ் நிரந்தரப் பட்டாலியன் ஒன்றுகூடக் கிடையாது. உலகப் போர் கழுத்தைப் பிடித்த பிறகுதான் மறுபடி கூப்பிட்டார்கள். இன்று ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று முழங்கும் ரெஜிமென்ட் அப்படித் திரும்பி வந்தது. 1948-இல் தித்வால், 1971-இல் பசந்தர் ஆறு என்று அதன் விருதுகள் விடுதலை பெற்ற நாட்டின் விருதுகள். 2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் நிலையில் பனிச்சரிவில் புதைந்துபோன பத்துப் பேர் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியன். அவர்கள் அணிந்த யானை வெல்லெஸ்லியின் யானையா?

இன்னொன்றும் உண்டு. 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்த திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்ததுதான் இந்த ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியன். ஒரு ஐரோப்பியக் கம்பெனியை வீழ்த்திய மரபும், இன்னொரு ஐரோப்பியக் கம்பெனிக்காகப் போரிட்ட மரபும் ஒரே தொப்பியில் இருக்கின்றன. எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: மராட்டா லைட் இன்ஃபன்ட்ரியின் வேரும் 1768-இல் கம்பெனியின் பம்பாய்ப் படையில்தான் இருக்கிறது. கறை படியாத வில்லை வேண்டுமென்றால் பழைய ரெஜிமென்டுகளில் முக்கால்வாசியை வெறுந்தொப்பியோடு அணிவகுக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாச் சின்னமும் ஒன்றே என்று நான் வாதாட வரவில்லை. குமாவுன் ரெஜிமென்டின் வில்லையில் சிலுவையை ஏந்திப் பாயும் அரைச் சிங்கம் ரஸ்ஸல் குடும்பத்தின் குலச்சின்னம். ஹைதராபாத்தில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த ஹென்றி ரஸ்ஸலின் படையிலிருந்து வந்தது. கிரெனேடியர்ஸ் வில்லையின் வெடிகுண்டில் இருக்கும் வெள்ளைக் குதிரை ஹனோவர் அரச வம்சத்துடையது. இவை வேறொரு வீட்டின் முத்திரைகள். எடுத்துவிட்டால் எனக்குத் தனிப்பட்ட முறையில் வருத்தம் இருக்காது. ஆனால் 1962 சீனப் போரில் ரெசாங் லாவில் ஷைத்தான் சிங்கோடு நின்றவர்களின் ரெஜிமென்ட் அணிவது அந்தச் சிங்கத்தை. 1965 பாகிஸ்தான் போரில் அசல் உத்தரில் டாங்குகளை உடைத்த அப்துல் ஹமீதின் ரெஜிமென்ட் அணிவது அந்தக் குதிரையை. ஆகவே எடுக்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, கோப்பு எழுதும் மேசைக்கும் இல்லை. அந்தந்த ரெஜிமென்டின் பணியில் இருப்பவர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் கேளுங்கள்.

தலையில் எதை அணிவது என்பதை மேலிருந்து உத்தரவாக இறக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாயிற்று. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை. விளைவு ஊரறிந்தது. இன்று யாரும் கலகம் செய்யப் போவதில்லை. ஆனால் சிப்பாய் தன் தலைக்கு மேலே இருப்பதை அலங்காரமாக எண்ணுவதில்லை என்ற உண்மை மாறவில்லை. போந்தை, வேம்பு, ஆர் என்று சேர, பாண்டிய, சோழப் படையினர் சூடிய பூக்களைத் தொல்காப்பியமே இலக்கணத்துக்குள் வைத்திருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடும் வழக்கம் அது.

வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்படை 2001-இலும் சிலுவையை எடுத்தது. புதுக் கொடியின் நீலச் சின்னம் வானத்தோடும் கடலோடும் கரைந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று 2004-இல் சிலுவையைத் திரும்பக் கொண்டுவந்தது. தூரத்திலிருந்து பார்த்ததும் பிடிபடவேண்டும், அதுதான் படைச் சின்னத்தின் முதல் வேலை. குழு உட்கார்ந்து வரையும் புதுச் சின்னங்களில் அசோகச் சக்கரம், தாமரை, வாள், மலை, சூரியன், வாசகம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யானையைக் கருநிழலாக வரைந்தாலும் யானை என்று தெரியும். 1950-இல் வில்லைகளில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்ததே, அதுதான் நல்ல மாற்றம். யாருக்கு விசுவாசம் என்ற பகுதி மட்டும் மாறியது. யார் இவர்கள் என்ற பகுதியில் கைவைக்கவில்லை.

என் கோரிக்கை இவ்வளவுதான். யானையை இறக்காதீர்கள். எந்த ரெஜிமென்டின் சின்னத்தை மாற்றினாலும், ஏன் மாற்றினோம், யாரைக் கேட்டோம் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். வைத்துக்கொண்டால், எதற்காக வைத்துக்கொண்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பஞ்சாப் ரெஜிமென்ட் வில்லையில் பாய்மரக் கப்பல் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். கடல் தாண்டிப் போரிடத் தயங்காததற்காகச் சென்னைப் படையின் ஒரு பட்டாளம் வாங்கிய கப்பல் அது. அந்தப் பட்டாளம் பின்னாளில் பஞ்சாபி என்று பெயர் மாறியபோது கப்பலும் கூடவே போயிற்று. இந்தக் கதையை எத்தனை பஞ்சாப் ஜவான்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

வெலிங்டனில் பயிற்சிக்கு வந்து இறங்கும் பையன் முதல்முறை அந்த வில்லையைத் தொடும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். அஸ்ஸாயேயில் யார் யாருக்காகச் சண்டை போட்டார்கள், யார் செத்தார்கள், ஏன் அந்த ஊரின் பெயரை நாம் கொடியில் எழுதுவதில்லை என்று அதில் இருக்கட்டும். எதிரே நின்ற மராட்டியப் பீரங்கி வீரர்கள் கடைசிவரை பீரங்கியை விட்டு நகராமல் அங்கேயே மாண்டார்கள் என்பதையும் விட்டுவிடாமல் சேருங்கள். இந்தியில் மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பையன்கள் வருவது தேனியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஹாசனிலிருந்தும் குண்டூரிலிருந்தும்.

இப்படிக்கு,
பட்டாளச் சின்னங்களைப் படித்துவரும் ஒரு குன்னூர்வாசி