கொட்டகைக்கு மண் அடிக்கிறார்கள்

காரைக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நாச்சம்மை,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். பேத்தியின் காதுகுத்துக்கு நான் வராததன் காரணத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன், நீயும் திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டிவிட்டாய், ஆகவே அந்தக் கணக்கு தீர்ந்தது. இந்தக் கடிதம் வேறொரு காரியத்துக்காக. இதையும் தொலைபேசியில் சொன்னால் “சரி அலமு, பார்ப்போம்” என்று கூறிவிட்டு நீ அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாய் என்பது ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் எனக்குத் தெரியும். தாளில் எழுதினால்தான் உட்கார்ந்து படிப்பாய்.

நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைக்கு மண் அடிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சிவன் கோயிலிலிருந்து திரும்பும்போது, கிராவல் ஏற்றிய லாரி ஒன்று கொட்டகை வாசலில் பின்புறமாக நுழைந்துகொண்டிருந்தது. மேஸ்திரி நான் எட்டாம் வகுப்பில் தமிழ் கற்பித்த பையன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். வெறுமையான அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் தரை எவ்வளவு சாய்வாக இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. பின்சுவரிலிருந்து திரை வரைக்கும் என் இடுப்பளவு இறங்குகிறது. முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்கக் கூடாது என்று அந்தக் காலத்துக் கொத்தனார் நூல் பிடித்து இறக்கிய தரை அது. அந்தப் பள்ளத்தைத்தான் இப்போது நிரப்பிச் சமப்படுத்துகிறார்கள். திரை இருந்த இடத்தில் மணவறை, சைக்கிள் ஸ்டாண்டில் பந்திக் கூடம். தை மாத முதல் முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் தயாராகிவிடும் என்கிறான்.

இடம் உங்கள் அப்பச்சிக்கும் பங்காளிகள் இருவருக்கும் பொது என்பது ஊரறிந்தது. குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் விட்டுப் போன பிறகு சாவி உங்கள் பெரிய வீட்டுச் சாவிக்கொத்தில்தான் இருந்தது. ஆகவே கையெழுத்து இல்லாமல் இந்த வேலை தொடங்கியிருக்காது. அந்தக் கையெழுத்துகளில் ஒன்று உன் அண்ணனுடையது. உனக்கு முன்பே தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லையா, அல்லது உனக்கும் சொல்லவில்லையா என்று இரண்டு இரவுகள் யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மண்டபமாவதை நான் எதிர்க்கவில்லை, இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் உங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மண்டபம் தேட வேண்டிய தேவையே இருந்ததில்லை. வீடே அதற்காகக் கட்டப்பட்டதுதானே. முகப்பில் மேளம், உள்முற்றமான வளவில் தாலி கட்டும் திருப்பூட்டுதல், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டில் பந்தி என்று ஆயிரம் பேர் வந்தாலும் வீடு தாங்கியது. இப்போது பாதி வீடுகளுக்குப் பங்காளிகள் ஒன்றுசேர்ந்து வெள்ளையடிக்கக்கூட முடியவில்லை. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக் கதவுகளும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டுடன் நிற்கின்றன. அந்த வீடுகளுக்காவது துக்கம் கேட்க ஆள் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வெளிநாட்டார் வந்து ஆத்தங்குடிக் கல்லையும் முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொட்டகையை யார் வந்து தடவிப் பார்த்தார்கள்? தகரக் கூரை போட்ட கட்டடம் பாரம்பரியம் ஆகாது என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

உங்கள் வளவுக்குள் நான் எத்தனை முறை வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பார். பள்ளிக்கூடத்துத் தோழி என்பதால் முகப்புத் திண்ணை தாண்டி வந்தேன். என் அம்மா ஒரு நாளும் திண்ணையைத் தாண்டியதில்லை. அதே அம்மாவும் உன் அப்பத்தாளும் கொட்டகையில் பெண்கள் பக்கம், அந்த இடுப்புயரச் சுவருக்கு இந்தப் புறம், ஒரே வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் இருவரும் பார்த்தோம். அங்கும் தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று காசுக்கேற்ற வகுப்புகள் இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பைக் காசு தீர்மானித்தது, பிறப்பு தீர்மானிக்கவில்லை. நம் ஊரில் அதற்கு முன்பு அப்படியொரு கூரை இருந்ததா, சொல்.

அந்தக் கூரை எப்படி வந்தது என்பதையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நீ இருக்கும் கோயம்புத்தூரிலிருந்தே தொடங்குகிறேன். காய்கறிக்குப் போகும்போதெல்லாம் நீ கடக்கும் வெரைட்டி ஹால் ரோடு எதன் பெயரைச் சுமக்கிறது என்று நினைக்கிறாய்? ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, பிறகு 1914-ல் அங்கே கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் அது. கூடாரம் முதலில், கட்டடம் பிறகு. நம் ஊரிலும் அதே வரிசைதான். ஆற்று மணல் கொட்டிய டென்ட் கொட்டகையைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவதும், பின்னால் இருப்பவர் அதைக் கலைப்பதும் டென்ட் காலத்தவைதாம். டூரிங் டாக்கீஸ் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடிந்தால் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். 1955-ல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு விதிகள் இறுகின. நிரந்தரமாக நடத்த விரும்பியவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் தேடினார்கள். உங்கள் ஐயா, அப்பச்சியின் தகப்பனார், இடம் கொடுத்தது அப்போதுதான்.

அவர் ஏன் கொடுத்தார் என்பதை உன் அப்பத்தாள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போரின்போது, 1942-ல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானதல்லவா. அந்த நெருக்கடியில்தான் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தொழிலைச் சொந்த ஊர்ப் பக்கம் கொண்டுவந்தார். 1940-களின் நடுவில் தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். ஸ்டூடியோ தொடங்கியது, 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கு எடுத்த படம். 1948-ல் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் உங்கள் ஐயா ரஸ்தாவுக்கு எத்தனை நடை நடந்தாரோ, படம் என்பது தீண்டத்தகாத தொழில் அல்ல என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சில கல் தொலைவில் படம் எடுக்கிறார்கள், அதைப் பார்க்க நம் ஊருக்கு ஒரு கூரை இல்லையா என்று பங்காளிகளிடம் சண்டை போட்டாராம். பேரன்மார் அந்தச் சண்டையை நினைவில் வைத்திருக்கிறார்களா என்பது தெரியவில்லை.

இனி நான் மேலே ஏறிப் பார்த்ததைச் சொல்கிறேன். படம் ஓட்டும் ஆபரேட்டர் அறைக்கு வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டே, நாம் தொட்டால்கூடக் கொட்டகையில் வேலை பார்த்த பெட்டியண்ணன் விரட்டுவாரே, அதில் ஏறினேன். துரு கையில் ஒட்டியது. படிக்கட்டு வெளியே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆரம்பக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அதனால் அறையைத் தனியாக, தீத் தாங்கும் சுவரோடு கட்ட வேண்டும், ஆபரேட்டர் கூட்டத்துக்குள் வராமல் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. முன்சுவரில் சிறு சதுரத் துளைகள் நான்கு. இரண்டில் ஒளி போகும், இரண்டில் ஆபரேட்டரின் கண் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் மேலே இரும்புத் தகடு ஒன்று சங்கிலியில் தொங்குகிறது. தீப்பிடித்தால் அறுந்து விழுந்து துளையை மூடிவிடும். ஒன்றை நான் விரலால் தள்ளினேன், இன்றைக்கும் தவிட்டில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கியது. எண்ணெய் போட்டு வைத்தவர் கைவேலை அப்படி.

மூலையில் மணல் வாளி. சுவரில் கலெக்டர் முத்திரையோடு கண்ணாடி போட்ட உரிமம், எழுத்துகள் வெளுத்திருக்கின்றன. தரையில் கரித்துண்டுகள்! நினைவிருக்கிறதா? செம்பு பூசிய அந்தக் கரிக்குச்சிகள் இரண்டின் முனைகளுக்கு இடையில் எரியும் வெளிச்சம்தான் திரையில் படமாகிறது என்றும், குச்சி எரியயெரிய இடைவெளி கூடாமல் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் பெட்டியண்ணன் நம்மிடம் சொன்னாரே. எரிந்து தேய்ந்த மிச்சங்களைக் குப்பையில் பொறுக்கிச் சிலேட்டில் எழுதிப் பார்த்தோம். வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளை, தண்ணீர் நிரப்பிய பியூஸ் போன பல்பும் கண்ணாடிச் சில்லும் வைத்து, உங்கள் இரண்டாம் கட்டுச் சுவரில் காட்டினாயே, அதற்கு என்னிடம் ஒரு புளியங்கொட்டைக் கட்டணமும் வாங்கினாயே! ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மெஷினுக்கு மாற வேண்டும். அந்தப் புள்ளியை முதலில் பார்ப்பது யார் என்று நமக்குள் பந்தயம். கதையை நான் தவறவிட்டதெல்லாம் உன்னால்தான்.

கொட்டகை எப்படி நின்றது என்பதை நீண்டு எழுத வேண்டியதில்லை. தொலைக்காட்சி ஒரு பங்கை எடுத்தது, வீடியோ இன்னொரு பங்கை. பிலிம் சுருளாகப் பெட்டியில் வந்த படம் டிஜிட்டலுக்கு மாறியபோது புதிய மெஷின் வாங்கும் முதல் இல்லாத சின்ன ஊர்க் கொட்டகைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. அணைந்த பிறகு என்னவாயின என்பதில்தான் வேறுபாடு. மதுரைத் தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், 1952-ல் திறந்தது, அதை இடித்துவிட்டு இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. அங்கே பட்டுச்சேலை எடுக்கும் பெண்ணுக்கு, தான் எந்தத் தரையில் நிற்கிறாள் என்று அறிய ஒரு கல்கூட இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டரைப் பார். படம் காட்டியது சில ஆண்டுகள்தான். பிறகு தபால் துறை வாங்கிக்கொண்டது, தபால்தலை விற்கிறது, நூறு ஆண்டு தாண்டியும் கட்டடம் நிற்கிறது. இன்னொரு வேலை கிடைத்ததனால் பிழைத்த கட்டடம் அது. அதனால்தான் மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து வேப்பங்கன்று முளைத்து விழுவதைவிட, நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவோ மேல்.

ஆனால் வரைபடத்தை மேஸ்திரி விரித்துக் காட்டினான். ஆபரேட்டர் அறையை இடித்து அங்கே குளிர்சாதனப் பெட்டிகள். டிக்கெட் கொடுக்கும் சந்துகள் இரண்டையும் உடைத்து வாசலை அகலப்படுத்தி, கார் நேரே உள்ளே வரவேண்டுமாம். அந்தச் சந்தில் நுழைந்து பார்த்தேன், நாச்சம்மை. தோள் இரண்டும் சுவரில் உரசும் அகலம். இடித்துக்கொண்டு முன்னேற முடியாதபடி ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க வேண்டும். கையளவு துளைக்குக் கீழே சுவரின் பூச்சு, எத்தனையோ ஆயிரம் முழங்கைகள் ஊன்றி ஊன்றி, செட்டிநாட்டு வீட்டுத் தூண்போல வழவழப்பாக இருக்கிறது. அந்த வழவழப்புக்கு யாரும் முட்டை வெள்ளை கலக்கவில்லை. பெண்கள் சந்தில் அது ஆண்கள் சந்தைவிட நான்கு விரற்கடை கீழே இருக்கிறது. நம் முழங்கையும் அதில் உண்டு.

உன் அண்ணனிடம் நீ பேச வேண்டும். கார் வருவதற்குச் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் பதினைந்தடி இடம் இருக்கிறது, நான் அடியெடுத்து அளந்தேன். சந்துகளை உடைக்க வேண்டியதே இல்லை, செருப்பு விடும் இடமாக வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் அறையில் மைக் செட்டுக்காரன் உட்காரட்டும், துளை வழியாக மணவறை நேராகத் தெரியும், அவனுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. குளிர்சாதனப் பெட்டிகளைப் பின்சுவருக்கு வெளியே மாட்டலாம் என்று மேஸ்திரியே ஒப்புக்கொள்கிறான், செலவும் குறையும் என்கிறான். தரையை நிரப்பட்டும், கிழவிகள் தடுக்கி விழாமல் இருக்க அது வேண்டியதுதான். நான் சொன்னால் “டீச்சருக்கு என்ன உரிமை” என்று பங்காளிகள் கேட்பார்கள், அது நியாயமும்கூட. நீ கேட்டால் வீட்டுப் பெண் கேட்டதாகும்.

நாளை திங்கட்கிழமை மேல் அறைச் சுவரில் கடப்பாரை வைப்பதாக இருக்கிறது. மேஸ்திரியிடம் உன் பெயரைச் சொல்லி வியாழன் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்காக என்னைத் திட்டுவதை நேரில் வந்து திட்டு. கரித்துண்டு ஒன்றைப் பஞ்சில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் உடைந்துவிட்டால் என்னிடம் இன்னும் மூன்று இருக்கின்றன. கடிதம் கைக்குக் கிடைத்ததும் முதலில் அண்ணனைக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
அலமேலு