மாஸ்டரின்படி அமையாத 500 குறுந்தட்டுகளை மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், குறுந்தட்டுத் தயாரிப்புப் பிரிவு

ஐயா,

எங்கள் வீணை ஆசிரியரின் சதாபிஷேகத்துக்கு வருபவர்களுக்கு இலவசமாக வழங்குவதற்காக, அவர் வாசித்த காம்போதி ராகம் தானம் பல்லவியை 500 குறுந்தட்டுகளாக அச்சடித்துத் தரும்படி தங்களிடம் முழுத் தொகையும் செலுத்தியிருந்தோம். கடந்த வாரம் வந்து சேர்ந்த தட்டுகள், நாங்கள் கேட்டு ஒப்புதல் அளித்த டி.டி.பி. (DDP) மாஸ்டரின்படி, அதாவது அச்சுக்கு அனுப்பும் இறுதி மூலக் கோப்பின்படி, இல்லை.

கேட்பவர் வேண்டிய பகுதிக்கு நேராகச் செல்வதற்காகவே ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என 4 டிராக்குகளாகப் பிரித்திருந்தோமே தவிர, இசை இடையில் எங்கும் நிற்பதில்லை. தங்கள் தட்டிலோ ஒவ்வொரு டிராக்குக்கும் முன்னால் 2 விநாடி மௌனம் புகுந்திருக்கிறது. தானத்தின் கடைசி மீட்டின் கார்வை பாதியில் வெட்டுப்படுகிறது. பல்லவியிலிருந்து தனிக்குப் போகும் இடத்தில் தாளமே அறுந்துவிடுகிறது.

தொலைபேசியில் கேட்டபோது, சிடி என்றால் இடைவெளி வரத்தான் செய்யும் என்று தங்கள் அலுவலர் கூறினார். முதல் டிராக்குக்கு முன்னால்தான் அந்த 2 விநாடி கட்டாயம். மற்ற டிராக்குகள் இடைவெளியின்றித் தொடர்வதற்குச் சிடியின் தரவிதியில் தடையில்லை. ஒரு விநாடியை 75 ஃபிரேம்களாகப் பிரிக்கும் சிடியின் கணக்கில் ஒவ்வொரு டிராக்கின் தொடக்கத்தையும் தங்கள் மாஸ்டரிங் பொறியாளரே எங்களோடு அமர்ந்து குறித்தார். 24 பிட் ஒலிப்பதிவை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் அவர் காட்டிய கவனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வேலையில் எங்களுக்குக் குறையில்லை.

தட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் ஓரளவு விளங்கியது. ஸ்டாம்பர் எனும் உலோக அச்சைக் கொண்டு அச்சடித்த தட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். இவையோ பச்சை கலந்த நிறத்தில், கணினியில் எழுதும் சிடி-ஆர் தட்டுகளாக இருக்கின்றன. அவற்றில் டிராக் டிராக்காகத் தனித்தனியே எழுதும்போது இந்த 2 விநாடி தானாகவே சேர்ந்துவிடும். ஆகவே டி.டி.பி. கோப்பிலிருந்து, ஸ்டாம்பருக்கு மூலமான கண்ணாடித் தகடாகிய கிளாஸ் மாஸ்டர் எதுவும் செய்யப்படவில்லை என்றே கருதுகிறோம். 500 தட்டுகளுக்கு அது கட்டுப்படியாகாதென்றால் பணம் பெறுமுன் சொல்லியிருக்கலாம். ரசீதில் 'ஸ்டாம்பர் அச்சு' என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஆகவே 15 நாட்களுக்குள் இவற்றைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, ஒப்புதல் பெற்ற மாஸ்டரிலிருந்து அச்சடித்த தட்டுகளைத் தர வேண்டும். இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம். ரசீதின் நகலும் இரண்டு தட்டுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
மாணவர்கள் சார்பில்