"அண்ணா, நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க": சேலத்து டிசைனர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் டிசைன் செய்து அச்சகங்களுக்கு ஃபைல் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் ஃபைல் பார்த்து பிளேட் (நிறத்துக்கு ஒன்றாகப் போடும் அச்சுத் தகடு) போடுகிறவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, வாட்ஸ்அப் எண் மட்டும் தெரியும். ராத்திரி 10.30 மணிக்கு ஃபைல் வரும். கூடவே ஒரு வரி வரும்: "அண்ணா, ஏதாவது இருந்தா நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

இத்தனை வருஷமாக அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் இருந்த எழுத்துரு என் கம்ப்யூட்டரில் இல்லை. திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். (பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். அதனால் என்ன எழுத்துரு என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.) டிசைன் செய்த பையனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காலையில் கார்டு வேண்டும். சரி என்று எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, வேறு எழுத்துருவில் அமைத்து ஓட்டிவிட்டேன். மாற்றும்போது 'ஸ்ரீ' மட்டும் உதிர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. மணப்பெண்ணின் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 500 கார்டிலும் பெண் வேறு ஒருத்தி ஆகிவிட்டாள்.

பையன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். தொட்டது நான். ஆனால் அன்றைக்கு ஒன்று உறைத்தது. ஃபைலில் எது வேண்டுமென்று செய்தது, எது தெரியாமல் வந்தது என்று பிளேட் அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. நான் சரிசெய்வதாக நினைத்துச் செய்வதெல்லாம் ஊகம்தான்.

தமிழ் எழுத்துருவில்தான் நமக்கு வம்பு அதிகம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் நம் கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்து ஃபைல்கள் சுற்றுகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடே தெரியாது. அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை 2023 ஜனவரியோடு கைவிட்டது. போன வருஷத் திருவிழா நோட்டீஸைத் தேதி மட்டும் மாற்றிக் கொடுக்கலாம் என்று பழைய டிஸ்க்கிலிருந்து எடுப்பீர்கள், எழுத்துரு இல்லை என்று புது கம்ப்யூட்டர் கைவிரிக்கும். யூனிகோடு என்றாலும் நிம்மதி இல்லை. பக்கம் அமைக்கிற இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ஆகவே உங்கள் கண் முன்னால் எழுத்து சரியாக இருக்கும்போதே கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிவிடுங்கள், அல்லது எழுத்துருவைப் பிடிஎஃப்பிலேயே பொதிந்து அனுப்புங்கள். கர்வ் ஆக்காத ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். கர்வ் ஆன ஃபைலில் மாமா பெயரைத் திருத்தச் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

இன்னொரு சங்கதி, இது தமிழுக்கே உரியது. கறுப்பு பின்னணியில் சின்னதாக வெள்ளை எழுத்து வைக்கிறீர்கள். சுற்றியுள்ள மை கொஞ்சம் பரவும். முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'பக்கம்' என்பது 'பககம' ஆகிவிடும். மானிட்டரில் 400 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியாது. அசல் அளவில் ஒரு பிரின்ட் எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். பத்திரிகை மடித்துப் பையில் வைக்கிற தாத்தாவுக்குப் படிக்க வருமா என்பதுதான் கணக்கு.

அப்புறம் கறுப்பு. ஃபோட்டோஷாப்பில் ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பை அதன் வழக்கமான அமைப்பில் சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை) ஆக்கினால் சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கண்ணுக்குக் கறுப்புதான். ஆனால் சின்ன எழுத்து நாலு பிளேட்டில் உட்கார்ந்துவிட்டது. எங்களைப் போல இரண்டு கலர் மெஷினில் தாளை இரண்டு முறை ஓட்டுகிற இடத்தில், முதல் ஓட்டத்தில் தண்ணீர் குடித்த தாள் இம்மி நீண்டிருக்கும். எழுத்தைச் சுற்றி ஒரு பக்கம் சிவப்பு நிழல், ஒரு பக்கம் நீல நிழல். மெஷின்மேன் என்னைத் திட்டுவார், நான் உங்களைத் திட்டுவேன். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும் போதும்.

இதற்கு நேர் எதிர், கொலுசுப் பெட்டிகள். அடர்கறுப்பு வேண்டும் என்று நாலு நிறத்தையும் 100 வைக்கிறீர்கள், மொத்தம் 400 விழுக்காடு மை. ஆர்ட் பேப்பரே 300-ஐ ஒட்டித்தான் தாங்கும், பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் அதைவிடக் குறைவு. மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு 100-உடன் சயான் 40 கலந்தாலே வெள்ளி மின்னுவதற்கு வேண்டிய கறுப்பு கிடைக்கும்.

மாம்பழப் பெட்டி லேபிள் போன சீசனில் பார்த்தேன். மல்கோவா படம், மஞ்சளுக்குள் சயான் 8 விழுக்காடு ஒளிந்திருந்தது. போனில் பழுத்திருந்த பழம் அட்டையில் காயாகிவிட்டது. ஏற்காட்டு வேலைகளில் இதன் மறுபக்கம். மூடுபனிப் படத்தில் 2 விழுக்காடு மைப்புள்ளிகள்தான் பனியே. அச்சில் அவை நிற்காது. மெதுவாகக் கரைய வேண்டிய பனி, ஓரத்தில் கோடு போட்டதுபோல வெட்டென்று முடியும். பனியின் மிக வெளிறிய இடத்திலும் 4, 5 விழுக்காடு இருக்கட்டும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், 300-ஆல் வகுத்தால் 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதை 20 அங்குல போஸ்டரில் இழுத்தால் 80-தான் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மாற்றி எழுதுவது, ஒரு டம்ளர் மோரில் குடம் தண்ணீர் ஊற்றுவது. டாக்குமென்டாக அனுப்புங்கள். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்) வைக்க இனிமேலும் நான் சொல்லித்தர வேண்டாம் என்று நினைக்கிறேன். நடுவில் சென்டர் பின் அடிக்கிற விழா மலருக்குப் பக்கங்கள் நாலின் மடங்கில் வர வேண்டும், 18 பக்கம் கொண்டுவராதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு பத்து நிமிஷம். பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, அவுட்புட் பிரிவியூவில் கறுப்பு பிளேட்டை மட்டும் அணையுங்கள். எழுத்தெல்லாம் மறைய வேண்டும். மறையாமல் பழுப்பாக நின்றால் ஃபைலுக்கே திரும்பிப் போங்கள். அங்கேயே ஓவர்பிரின்ட்டையும் (ஒரு நிறத்தின் மேலேயே இன்னொன்றை அடிப்பது) காட்டச் சொல்லுங்கள். வெள்ளை லோகோவுக்கு ஓவர்பிரின்ட் போட்டிருந்தால் சாதாரணமாகத் திறக்கும்போது தெரியும், அச்சில் காணாமல் போகும். ஒரு விடுதி பிரோஷரில் விடுதியின் பெயரே அப்படி மாயமானது. நல்லவேளை, சோதனைக்குக் கலர் அவுட் எடுத்தபோதே சிக்கியது. ஐந்தாவதாக ஏதாவது ஸ்பாட் கலர் (தனியாகக் கலந்த மை) பெயர் தெரிந்தால் அதையும் விசாரியுங்கள், யாருக்கும் வேண்டாத பிளேட்டுக்கு உங்கள் பார்ட்டி காசு கொடுக்கக் கூடாது.

என் பக்கம் இனி இப்படித்தான் நடக்கும். தப்பு கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவேன். திருத்த மாட்டேன். உங்கள் பதில் வராமல் பிளேட் போட மாட்டேன். கொஞ்ச நாள் என்மேல் கோபம் வரும், பரவாயில்லை.

ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊர் முழுக்க நோட்டீஸும் பேனரும்தான். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மெஷின் ஓடாது, சத்தம் இருக்காது. உங்கள் ஃபைலையே திறந்து பிளேட்டை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டுகிறேன். டீ என் செலவு. பகலில் வாருங்கள், ராத்திரி 10.30-க்கு வேண்டாம்.

அன்புடன்,
பிளேட் அறையிலிருந்து உங்கள் அண்ணன்,
சேலம்