அவள் கைப்பையில் வீட்டுச் சாவி இருந்ததா? – சென்னை வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் நூலகங்களிலும் அடுக்ககங்களிலும் அலுவலகங்களிலும் வாசகர் வட்டம் நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மாதக் கூட்டத்துக்கு ஒரு சமகாலக் காதல் நாவலை எடுத்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் இருபது நிமிடம் ஒருவர் கதையை ஒப்பிப்பார். அடுத்த அரைமணி நேரம் ‘இதெல்லாம் இலக்கியமா?’ என்ற வழக்கு ஓடும். பிறகு யாராவது ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பிக்க, புத்தகம் மேசை மேலேயே கிடக்கும். வரலாற்று நாவலுக்குக் கொடுக்கும் உழைப்பில் பாதியைக்கூட இதற்கு நாம் கொடுப்பதில்லை. கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இலக்கியமா என்ற வழக்குக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இதைச் சொல்லிவிட்டு நாவலுக்குள் போய்விடுங்கள்.

காதல் நாவலில் இருவரும் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். ஆகவே ‘சேர்வார்களா?’ என்பது இங்கே கேள்வியே இல்லை. சேரும் அளவுக்கு என்ன மாறியது, யார் மாறினார்கள், அந்த மாற்றத்தை நம்ப முடிகிறதா? இதற்குத்தான் நாவல் பதில் சொல்ல வேண்டும். ‘முடிவைச் சொல்லிவிடாதீர்கள்’ என்ற கட்டுப்பாடு துப்பறியும் கதைக்குச் சரி. இங்கே அதை எடுத்துவிடலாம். கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு வருபவர் பல நேரம் நன்றாகவே பேசுவார்.

புத்தகம் கைக்கு வருவதிலிருந்தே சிக்கல் தொடங்கும். மாத நாவலாக வந்தது என்றால் அடுத்த இதழ் வந்ததும் கடையில் கிடைக்காது. நூலகத்தில் ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு. பன்னிரண்டு பேர் உள்ள வட்டத்துக்கு ஐந்தாறு பிரதிகளாவது சுழல வேண்டும். அதற்கு ஆறு வாரம் முன்பே தலைப்பை அறிவியுங்கள். மின்நூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறிவிடும் என்பதால் பக்க எண்ணை நம்பாதீர்கள். அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் இரண்டு சொற்களையும் சொல்லச் சொல்லுங்கள். யார் எந்த வடிவத்தில் படித்தார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இணையத்தில் வந்த வடிவமும் அச்சில் வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாத எபிலாக்கை (கதை முடிந்தபின் வரும் பின்கதையை) பற்றி இரண்டு பேர் சண்டை போடுவது அப்படித்தான்.

இணையத்தில் யூடி யூடியாக (‘அப்டேட்’ என்பதன் சுருக்கம், ஒவ்வொரு தவணைக்கும் அந்தப் பெயர்) வந்து பிறகு அச்சேறிய நாவலுக்கு ஒரு தனி நோய் உண்டு. வாரம் இரண்டு யூடி படித்தவருக்குப் போன வாரக் கதையை நினைவூட்ட வேண்டும். யூடி முடியும் இடத்தில் ஒரு கொக்கியும் வேண்டும். அதையே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படிப்பவருக்கு, நாயகியின் அப்பா கடனாளி என்ற தகவல் ஐந்தாவது முறை வரும்போது எரிச்சல் வரும். இது தொகுப்பில் கவனிக்காமல் விட்ட குறை. அதைக் காதலின் குறையாகப் பேசத் தொடங்கினால் கூட்டம் திசைமாறிப் போகும். இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

காதலை அளக்க ஆங்கிலக் கையேடுகளைத் தேட வேண்டியதில்லை. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கடைசி மூன்றும் ஊடலுக்கே போகின்றன. அதில் 1302-ஆம் குறள் ஊடலை உப்புக்கு ஒப்பிடுகிறது: அளவாக இருந்தால் சுவை, நீளவிட்டால் உப்புக் கூடிய கறி. ஒரே ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை எட்டு அத்தியாயம் இழுக்கும் நாவலை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சிக்க முடியாது. ‘அவர்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை?’ என்று கேளுங்கள். பயம், மானம், பழைய காயம் என்று பாத்திரத்துக்குள்ளிருந்து காரணம் வந்தால் ஊடல் நிற்கும். போனில் சார்ஜ் இல்லை என்பதுதான் காரணம் என்றால் நிற்காது.

ஆனால் அறைவதும் அறையில் பூட்டி வைப்பதும் கட்டாயத் தாலியும் ஊடல் அல்ல. ‘ஆன்ட்டி ஹீரோ’ கதைகள் என்ற பெயரில் இவை நிறைய வருகின்றன. விரும்பிப் படிப்பவர்களும் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். நாவலைக் கூண்டில் ஏற்றுங்கள். அதற்கு எண்ணிப் பார்த்தாலே போதும். ஒன்பதாம் அத்தியாயத்தில் அறைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய இளமைத் துயரத்துக்கு எத்தனை பக்கம், அறை வாங்கியவளின் மறுநாள் காலைக்கு எத்தனை பக்கம்? அவன் மன்னிப்புக் கேட்கும்போது செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்டானா, ‘எல்லாத்துக்கும் சாரி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினானா? கூடத்தில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியவன் படுக்கையறையில் மட்டும் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகுமா? அதன் பிறகு அவன் நடத்தையில் ஏதாவது ஒன்று மாறியதா?

எங்கள் பார்வையில் மிக முக்கியமான கேள்வி வேறு. அவளுக்குப் போக இடம் இருந்ததா? அவள் மன்னிக்கும் காட்சியை எடுத்து, அந்த நேரம் அவள் கைப்பையில் என்ன இருந்தது என்று பாருங்கள். வீட்டுச் சாவி யாரிடம்? ஏடிஎம் கார்டு யாரிடம்? வேலை இருக்கிறதா, ஹாஸ்டலில் இடம் கிடைக்குமா, அம்மா வீட்டுக் கதவு திறக்குமா? வெளியே போக வழியிருந்தும் ஒருத்தி தங்கினால் அது காதல் கதை. வழியே இல்லாமல் தங்கினால், நாவலாசிரியர் எத்தனை மல்லிகை தூவினாலும் அது வேறு கதை. இந்த ஒரு கேள்விக்கே அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

வீட்டில் சொல்லும் காட்சிக்கும் நம்மிடம் பழைய அளவுகோல் உண்டு. அகத்திணை மரபில் அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர்: தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் (வளர்ப்புத் தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். இன்றைய நாவலில் செவிலி இடத்தில் சித்தியோ அக்காவோ இருப்பார். எந்தப் படியில் செய்தி நின்றது, யார் மறைத்தார்கள், யார் துணிந்தார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். ‘வீட்டில் எதிர்ப்பு’ என்று எழுதிவிட்டு எதற்கு எதிர்ப்பு என்று கடைசிவரை எழுதாத நாவல்கள் உண்டு. சாதியா, மதமா, பணமா என்று கேளுங்கள். நாவல் வாய் திறக்காத இடத்தில் வட்டமும் மௌனமாக இருந்துவிடக் கூடாது.

இருவரும் மாறி மாறி ‘நான்’ என்று பேசும் நாவலாக இருந்தால் சங்கப் பாடல்களுக்குக் கேட்கும் ‘இது யார் கூற்று?’ என்ற பழைய கேள்வியும் உதவும். அத்தியாயத் தலைப்பை மறைத்துவிட்டு ஒரு பத்தியை வாசியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால் இரண்டு பாத்திரங்களுக்கும் ஒரே குரல்தான்.

விவரப் பிழைகளையும் கவனியுங்கள். அவை கதைக்கே இடைஞ்சல் செய்யும். ‘ஆறு மாத ஒப்பந்தக் கல்யாணம், பிறகு விவாகரத்து’ என்பது அடிக்கடி வரும் முடிச்சு. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஓராண்டு ஆகும் முன் விவாகரத்து மனுவே போட முடியாது. அசாதாரணத் துன்பம் போன்ற காரணத்துக்காக நீதிமன்றம் அனுமதித்தால்தான் விலக்கு. பரஸ்பர சம்மதம் என்றாலும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; மனுவுக்குப் பிறகு வழக்கமாக இன்னும் ஆறு மாதம். அதேபோல் வெவ்வேறு மதத்தவர் காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போய் மதியம் தம்பதியாக வெளியே வருகிறார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு, மூன்று சாட்சிகள் உண்டு. அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அந்த 30 நாள் பயத்தை விட்டுவிட்டு வில்லனைத் தேடிப் போகும் நாவலாசிரியரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இருவரும் இந்துக்கள் என்றால் 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி புரோகிதர் இல்லாமலே உற்றார், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலியும் கட்டலாம். பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

மெரினாவில் சூரியன் கடலுக்குள் மறையும் காட்சி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. சூரியன் சாலைப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால்தான் இறங்கும். பௌர்ணமி மாலையில் கடலிலிருந்து நிலா எழும். காதலர்களுக்கு அது போதாதா?

நெருக்கமான காட்சிகள் உள்ள நாவல் என்றால் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டாம். சம்மதம் எங்கே, எப்படித் தெரிகிறது என்று மட்டும் பேசினாலே நிறைய வெளிப்படும். சொந்தக் கல்யாணக் கதை தொடங்கினால் ‘நாவலில் எந்த அத்தியாயம்?’ என்று மென்மையாகக் கேளுங்கள். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்: புத்தகத்தை எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், ஏன்? கதை ஒப்பிப்பது இதோடு நின்றுவிடும்.

கடைசிக் கால்மணி நேரத்தை எபிலாக்குக்கு வைத்திருங்கள். ஐந்து வருடம் கழித்துக் குழந்தையோடு முடியும் அந்த இரண்டு பக்கத்தில் நாயகியின் வேலை என்ன ஆனது என்று தேடச் சொல்லுங்கள்.

குறிப்புகளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நூலகப் பிரதியில் மட்டும் வேண்டாம், அதற்குத் துண்டுச்சீட்டு போதும். சொந்தப் பிரதிகளை அந்தக் குறிகளோடு அப்படியே அடுத்த பேட்டையில் உள்ள வட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
காதல் நாவல்களை விடாமல் வாசிக்கும் சிலர்
சென்னை