இலையைத் திருப்பிக் காட்டும் படம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த கீழாநெல்லிக் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு புகைப்படத்தைப் பார்த்தவர், "இலையத் திருப்பிக் காட்டாம எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காய்கள் இலைகளுக்குக் கீழே வரிசை கட்டித் தொங்குவதுதானே அதன் அடையாளம்? மேலிருந்து எடுத்த படத்தில் அது எப்படித் தெரியும்?

அன்று மாலையே எங்கள் புளோக்கின் கீழே, வாய்க்கால் ஓரத்தில் முளைத்திருந்த இரண்டு செடிகளைப் பிடுங்கி வந்தேன். தூரத்துப் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தன. திருப்பினால் ஒன்றில் காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கியது. மற்றதில் காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்தது, தோலும் சொரசொரப்பு. இதைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள்.

இந்த இரண்டையும் 17ஆம் நூற்றாண்டிலேயே தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மலபாரில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்', 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் 10ஆம் தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு படங்கள். ஒன்றுக்குப் பெயர் 'கிர்கநேலி', மற்றதற்கு 'செரு கிர்கநேலி'. மலையாளப் பெயர்கள்தாம். ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நம் கீழாநெல்லி காதில் விழும். எனக்கு மெய்சிலிர்த்தது.

தாவர ஓவியர் செய்வதைக் கேமரா எளிதில் செய்வதில்லை. வெவ்வேறு காலத்தில் வரும் பூ, காய், விதை எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்ப்பார். காயை வெட்டி உள்ளறையைக் காட்டுவார். கண்ணுக்கு எட்டாத பூவைப் பெரிதாக்கி ஓரத்தில் வைப்பார். சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தவை இப்படிப்பட்டவை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார் வைட்.

நம் சிங்கப்பூரிலும் இந்தச் செல்வம் இருக்கிறது. பின்னாளில் சிங்கப்பூரை நிர்வகித்த ஆங்கிலேய அதிகாரி ஃபார்க்குவார் மலாக்காவில் இருந்தபோது சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த ஓவியங்கள் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன, மொத்தம் 477. மலாய்ப் பெயர்களையும் குறித்து வைத்தார்கள், வரைந்தவர்களின் பெயர்தான் தெரியாமல் போய்விட்டது. பூமலைத் தாவரவியல் பூங்காவிலும் கேலப் சாலைப் பக்கத்துப் பழைய பங்களாவில் 2021 முதல் தாவர ஓவியக்கூடம் நடக்கிறது.

மூலிகைப் பகுதியில் புகைப்படத்தோடு இத்தகைய பழைய ஓவியம் ஒன்றையும் உரிய அனுமதி பெற்று அச்சிடுங்கள். கீழே தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் இருக்கட்டும். ஒரு செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அம்மா சொன்னவற்றை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

அடுத்த வாரம் குப்பைமேனி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதன் பூவைத் தாங்கும் சின்னக் கிண்ணம் போன்ற செதில் தெரியும் படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்