இலவச ஊசிக்கு நாங்கள் கொடுக்கும் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்னும் தோல் நோயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இது உயிரைப் பறிக்கும் நோயல்ல, மருந்தும் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கிறது என்ற பதிலே கிடைக்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த இலவச மருந்தைப் பெறுவதற்கு அநுராதபுர மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் எவ்வளவு இழக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனது மருமகன் மேசன் வேலை செய்பவர். அவருடைய முழங்கைக்கு அருகில் சிறு பரு ஒன்று தோன்றியது. வலியோ அரிப்போ இல்லாததால் முதலில் மருந்துக்கடைக் களிம்பைப் பூசினார். பின்னர் தனியார் வைத்தியரிடம் இரண்டு தடவை பணம் கொடுத்துக் காட்டினார். பரு மாதக்கணக்கில் ஆறாமல் நடுவில் புண்ணாகிய பின்னரே நகரத்து வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்றார். அங்கே நோய் சரியாக இனங்காணப்பட்டு, வாரத்துக்கு ஒரு தடவை புண்ணைச் சுற்றி ஊசி ஏற்றப்பட்டது. குணமாவதற்குப் பதினொரு வாரங்கள் எடுத்தன. கிளினிக் நடப்பது வேலை நாளில். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது பிற்பகலாகிவிடும். அரை நாளுக்காக மேசனை யாரும் வேலைக்கு அழைப்பதில்லை. ஆகவே போனது பதினொரு நாட் சம்பளமும் பதினொரு தடவை பஸ் கட்டணமும் மட்டுமல்ல. அவர் வேலைக்குப் போகாத நாட்களில் அவருக்கு உதவியாக வேலை செய்பவரும் சம்பளமின்றி வீட்டிலேயே இருந்தார். இந்தச் செலவு எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் இடம்பெறாது.

இந்நோய் இலங்கையிலேயே தொற்றியதாக முதன்முதலில் அறியப்பட்டது 1992ஆம் ஆண்டில். 2008இல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2018இல் ஓராண்டில் மாத்திரம் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் நோயாளிகளாகப் பதிவாகினர். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய மாவட்டங்களில் வயலிலும் காடு வெட்டிப் பயிரிடும் சேனையிலும் காட்டோரங்களிலும் பாடுபடுவோரும் இராணுவத்தினரும் இவர்களில் பலர். இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கிக் கருங்காய்ச்சலை உண்டாக்கும் அதே ஒட்டுண்ணி இனம் இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுவது நமது அதிர்ஷ்டம். அதுவே இந்நோய் அலட்சியப்படுத்தப்படுவதற்கும் காரணமாகிவிட்டது என்பது எனது எண்ணம். முகத்தில் தழும்பு விழுந்த பெண் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கேட்டால், இதைச் சாதாரண நோய் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

தடுப்பு முயற்சியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. டெங்கு நுளம்பைப் போல மணல் ஈ தேங்கிய நீரில் பெருகுவதில்லை; ஈரமண், உக்கும் இலைகுழைகள், புற்று வெடிப்புகள் போன்ற இடங்களிலேயே பெருகுகிறது. நுளம்பை விட மிகச் சிறியதாகையால் சாதாரண நுளம்பு வலையின் கண்களுக்குள்ளும் புகுந்துவிடும். சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று எண்ணியிருக்கும் கிராமத்தவர்களுக்கு இவ்வேறுபாட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகச் சென்று விளக்க வேண்டும். ஆறாத பருவைக் கண்டவுடனேயே மக்கள் அரச வைத்தியசாலைக்குச் சென்றால், களிம்புக்கும் தனியார் வைத்தியருக்கும் வீணாகும் பணமாவது மிஞ்சும்.

சுகாதார அமைச்சிடம் நான் வேண்டுவது இரண்டு. நோயை உறுதிப்படுத்துவது தோல் நோய் வைத்திய நிபுணரின் பணியாகவே இருக்கட்டும்; அதன் பின்னரான வாராந்த ஊசிகளைக் கிராமத்துக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையில், பயிற்சி பெற்ற வைத்தியர்களைக் கொண்டு, சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில் போடுவதற்கு ஒழுங்கு செய்ய வேண்டும். மற்றது, புண்ணுக்கு ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தைச் சில விநாடிகள் கொடுக்கும் சிகிச்சை பற்றியது. ஒரே அமர்வில் முடியும் இச்சிகிச்சை பயனுள்ளதென்றும், ஊசியை விடச் செலவு குறைந்ததென்றும் நமது நாட்டு ஆய்வாளர்களே 2017இல் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதற்குரிய கருவிகளை, நோயாளர் அதிகமுள்ள மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைகளுக்கு முதலில் வழங்கினால், பதினொரு நாள் அலைச்சல் பலருக்கு ஓரிரு நாட்களோடு முடிந்துவிடும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கெக்கிராவை.