காந்தம் தாங்கும் பித்தப்பை அறுவை: ஆசாரிப்பள்ளத்தில் முறையான ஆய்வு வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஆசாரிப்பள்ளத்தில் இயங்கும் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியின் முதல்வர் அவர்களுக்கும் வணக்கம்.

குமரி மாவட்டத்தில் அறுவை அரங்குச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், ஒரு கோரிக்கையோடு இம்மடலை எழுதுகிறேன். வயிற்றில் சிறு துளைகளிட்டுப் பித்தப்பையை அகற்றும் நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) அறுவையில் அந்த உறுப்பைக் காந்தத்தால் விலக்கிப் பிடிக்கும் கருவியை நம் மருத்துவக் கல்லூரியில் முறையான ஆய்வாகப் பயன்படுத்திப் பார்க்க அனுமதியும் நிதியும் வழங்க வேண்டும்.

இந்த அறுவையில் வழக்கமாக நான்கு துளைகள் இடப்படுகின்றன. கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வயிற்றுக்குள் இடம் உண்டாக்கிய பின், ஒரு துளை வழியே கேமராவும், இரண்டின் வழியே அறுவை மருத்துவரின் கருவிகளும், நான்காவதன் வழியே உதவியாளரின் கவ்வியும் உள்ளே செல்கின்றன. அந்த நான்காவது கவ்வி பித்தப்பையின் நுனியைப் பிடித்து, கல்லீரலின் மேலாக நோயாளியின் வலது தோளை நோக்கித் தள்ளி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். பித்தப்பைக்குச் செல்லும் நாளமும் தமனியும் தனித்தனியே தெளிவாகத் தெரிந்த பிறகே எதையும் வெட்ட வேண்டும் என்பது 1995 முதல் வலியுறுத்தப்படும் விதி. அந்தத் தெளிவு பெரிதும் இந்தப் பிடியைச் சார்ந்தது. உதவியாளரின் கை சோர்ந்து பிடி தளர்ந்தால் இடம் சுருங்குகிறது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்த நாளத்தையே பித்தப்பை நாளம் என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்து அங்கே காத்திருக்கிறது.

காந்தக் கருவி அந்தக் கையின் வேலையை வேறுவிதமாகச் செய்கிறது. தண்டின் முனையில் உள்ள சிறு கவ்வி பித்தப்பையைக் கவ்வியதும் கழன்று உள்ளேயே நிற்கிறது. தண்டு வெளியே வந்துவிட, அந்தத் துளை வேறு கருவிக்குக் கிடைக்கிறது. வயிற்றின் மேல் வைக்கப்படும் வலிய காந்தம், தோலையும் தசையையும் கடந்து அந்தக் கவ்வியை ஈர்க்கிறது. நேரான தண்டு தான் நுழைந்த துளையைச் சுற்றி மட்டுமே திரும்பும். காந்தத்துக்கு அந்தக் கட்டு இல்லை. வெளியே அது நகரும் திசையில் உள்ளே பித்தப்பையும் நகர்கிறது. துளை ஒன்று குறைவதால் தழும்பு குறையும் என்பதையே பலரும் முதலில் சொல்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம் பட்சம். தளராத பிடியே இதன் உண்மையான பயன்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த கில்லெர்மோ டொமிங்கெஸ் குழுவினர் நியோடிமியம் என்னும் உலோகம் கலந்த காந்தக் கவ்விகளுடன் பித்தப்பை அறுவை செய்ததை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லெவிட்டா நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 ஜூனில் அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் பங்கேற்றோர் 50 பேர். பித்த நாளக் காயம் போன்ற அரிதான தீங்கு குறைகிறதா என்று அறிய அந்த எண்ணிக்கை போதாது. அதனால்தான் விற்பனையாளரின் விளக்கத்தை நம்பி வாங்காமல், வழக்கமான முறையோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்கிறேன்.

கருவியின் எல்லைகளையும் மறைக்கக் கூடாது. தூரம் கூடக்கூடக் காந்த விசை வேகமாகக் குறையும். ஆகவே பருத்த வயிற்றுச் சுவர் உள்ளவர்களிடம் பிடி வலுவிழக்கும். முதல் அனுமதியே உடல் நிறை குறியீடு 20 முதல் 34 வரை உள்ளவர்களுக்குத்தான் தரப்பட்டது. வெளிக் காந்தத்துக்கும் உள்ளிருக்கும் கவ்விக்கும் இடையே அழுந்தும் தோலும் தசையும் கன்றிப்போகலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியவர்களுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. திருவனந்தபுரத்தில் இதய சிகிச்சை பெற்றுவிட்டு, அதற்கான தாள்கள் இல்லாமல் நம் மருத்துவமனைக்கு வருவோர் உண்டு என்பதால், வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாமல் மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து உறுதி செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். செவிலியராக நான் அஞ்சும் மற்றொன்று, அரங்கின் எஃகுக் கருவிகள். கத்தரியும் ஊசியும் அடுக்கிய தட்டுக்கு அருகே வலிய காந்தம் வருவது சிறு விஷயமன்று. காந்தத்தை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்பதைச் செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டு முதலிலேயே எழுதி வையுங்கள்.

2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி தேவையான ஒப்புதல்களும், கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும் பெற்றே இந்த ஆய்வு தொடங்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளி வாசித்தால் புரியும் தமிழில் இருக்க வேண்டும்.

கருவியின் விலைக்கும் வழி தேடலாம். இந்தக் காந்தங்களின் மூலப்பொருளான நியோடிமியம், 1909இல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டறியப்பட்ட மோனசைட் என்னும் கனிமத்தில் இருக்கிறது. மணல் அள்ளுவதைப் பற்றி இங்குள்ள மக்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை. அவை தனியே பேசப்பட வேண்டியவை. நான் சொல்ல வருவது, இதற்கான பொருளும் அறிவும் நமக்கு எட்டாதவை அல்ல என்பதே. எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. குறைந்த விலையில் காந்தக் கவ்வி ஒன்றை வடிவமைக்க அந்நிலையத்தோடு கல்லூரி பேச வேண்டும்.

ஆய்வில் சேரும் எந்த நோயாளியிடமும் இக்கருவிக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. ஏதேனும் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று எழுத்தில் உறுதி அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறுவை அரங்குச் செவிலியர்,
தக்கலை.